தலைமைக் குருவின் அங்கியோடு கண்டிக்குப் போனேன்

திண்டுக்கல் வட்டாரத்தில் நாடகச் சாமான் என்றால் சீனிச்சாமிதான். பெருமைக்காகச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள். கிரீடம் வேண்டுமா, கதாயுதம் வேண்டுமா, எமதர்மனுக்கு எருமைத் தலை வேண்டுமா, என் கடையில் வாடகைக்கும் உண்டு, விலைக்கும் உண்டு. நாடகக் கொட்டகையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கி ஆரம்பித்தவன் நான். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. மீதியைப் படிக்கவைத்தவர்கள் ராஜாக்கள். எத்தனை ராஜாவுக்கு உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறேன்! ஒரு நாட்டில் யாருக்கு எந்த நாற்காலி, யார் தலையில் என்ன, யார் நிற்கிறான், யார் உட்காருகிறான் என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே யார் யாரை அமுக்கி வைத்திருந்தான் என்று நான் சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட என்னைத் தேடி இலங்கையிலிருந்து போன் வந்தது. கண்டிக்குப் பக்கத்தில் பன்வில. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் சாமியார், ஃபாதர் அமலன், யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய வெள்ளிக்கிழமையில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறார்களாம்.

"ரோமச் சிப்பாய்க்குத் தலைக்கவசம், ஈட்டி. கவர்னர் பிலாத்துக்குச் சிவப்புப் போர்வை. யூதருடைய தலைமைக் குரு கயபாவுக்கு ஒரு அங்கி. செய்து அனுப்ப ஏலுமோ?"

"அனுப்புறதா? நானே கொண்டாறேன் சாமி!"

விமானத்தில் ஏற எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்து இருக்கை. பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி தூங்கப் பார்த்தார். நான் விடவில்லை. கடல் முழுவதையும் அவருக்கு நானே காட்டினேன்.

அங்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபாதர் படம் அனுப்பியிருந்தார். நீலத் துணி, ஓரத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன மணி, பன்னிரண்டு நிறக் கல் பதித்த மார்புப் பட்டை, தலைப்பாகையில் தங்கத் தகடு. பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. நடந்தால் கிணுகிணு என்று சத்தம் வரும். வருகிறவன் யார் என்று பார்க்காமலே எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும். அதற்காகத்தான் மணி. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உடுப்பே சொல்லியது.

கண்டியில் என்னை வரவேற்றது ரவி. மஹய்யாவ என்ற பகுதியில் பிறந்து வளர்ந்த ஆட்டோக்காரர். ஆட்டோ என்றால் புரியாது, த்ரீவீல் என்றால்தான் புரியும். என் தகரப் பெட்டிகளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இது த்ரீவீல். லாரி இல்ல."

"கட்டு தம்பி, கட்டு. எருமைத் தலையையே மொபெட்டில் கொண்டுபோனவன் நான்."

கட்டினார். ஈட்டிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றி மாதிரி கண்டி நகருக்குள் போனோம். நடுவில் ஏரி, சுற்றி மலை, தெருவெல்லாம் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். நான் ஆச்சரியப்பட்டதும் ரவிக்குப் பெருமை வந்துவிட்டது.

"விடியறதுக்குள்ள கூட்டி முடிச்சிருவாங்க ஐயா. எல்லாம் எங்க மஹய்யாவ ஆளுகதான். டவுன் எங்க கையிலதான் பளபளக்குது. ஆனா டவுன்ல வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்க. எந்தப் பக்கம்னு கேப்பாங்க. மஹய்யாவன்னு சொன்னதும் வீடு காலி இல்லம்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வண்டியை விட வேகமாக மறைந்தது.

சாப்பிடப் போன இடம் ஒரு முஸ்லிம் நானாவின் (நம் ஊரில் பாய் என்போம்) கடை. அங்கே கொத்து ரொட்டி போடுகிற சத்தத்துக்கு என் நாடகக் குழு மிருதங்கக்காரர் வந்தால் வெட்கப்பட்டுப் போவார். நானா என் பெட்டியிலிருந்து எட்டிப்பார்த்த தலைக்கவசத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, இது எந்தக் கலியாணத்துக்கு?"

"கல்யாணம் இல்ல பாய். இயேசுவைச் சிலுவையில் அறையிற நாடகம். பன்வில தோட்டத்தில்."

"ஆ, பன்வில ஆளுகளா! எங்கட வாப்பா காலத்திலிருந்தே அவங்க பெருநாளுக்குத் துணி எடுக்க டவுனுக்கு வந்தா இங்கதான் சாப்பாடு. நீங்க விருந்தாளி, இரிங்க." ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வந்தது. கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலம். வாயில் வைத்தால் வேலையே இல்லை, அதுவாகவே போய்விடுகிறது. நம் ஊர் இனிப்புக் கடைக்காரர்கள் கவனிக்க.

நகரைத் தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. ஈட்டிதான் காரணம். சிங்களத்தில் ஏதோ கேட்டார். ரவி மொழிபெயர்த்தார்: "யாரோட சண்டைக்குப் போறீங்கன்னு கேக்கறாரு."

"யூதேயா நாட்டைப் பிடிக்கப் போற ரோம ராணுவம்னு சொல்லு."

ரவி என்ன சொன்னாரோ தெரியாது. போலீஸ்காரர் ஒரு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். வழியும் விட்டார்.

மலை ஏற ஏற மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில் கயிறு இளகி, தகரப் பெட்டியின் மூடி திறந்து, ரோம ராணுவம் முழுவதும் சாலையில் கொட்டியது. தலைக்கவசங்கள் டங்டங் என்று உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தன. நான் "பிடிங்க, பிடிங்க!" என்று கத்த, கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சைச் செடிகளுக்கு மேலே ஒவ்வொன்றாகப் பித்தளைத் தலைகள் முளைத்தன. முதுகில் கொழுந்துக் கூடை, தலையில் ரோமக் கவசம்! அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவற்றை ஒரு கோணியில் சேர்த்து மேலே கொண்டுவந்து தந்தவர் ஆரோக்கியம். தேயிலை பாக்டரியில் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம். ஆனால் உயரத்தை மறைத்துக்கொள்கிற மாதிரி தோளைக் குறுக்கியே நின்றார். தலையில் கம்பளித் தொப்பி. என்னோடு பேசும்போது அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவருதான் ஐயா இந்த வருசம் பெரிய குரு" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி செபமாலை. "கோயில்ல சீட்டுக் குலுக்குனதுல விழுந்துச்சி. வீட்டுல மட்டுந்தான் இவருக்கு அதிகாரம். மேடையில என்னத்தச் செய்யப் போறாரோ!"

"சும்மா இரு" என்றார் ஆரோக்கியம், தொப்பியைப் பார்த்தபடி.

மறுநாள் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். வின்சென்ட் ஐயா. துரைக்கு அடுத்தபடி அந்தத் தோட்டத்தில் பேனா பிடித்த கை அவருடையதுதான். பங்களாவில் மெத்தை வைத்த நாற்காலி (அங்கே கதிரை என்பார்கள்), மீன் குழம்பு, பலாக்காய்க் கறி, பிறகு பாலில் போட்ட தேநீர். நான் முதல்நாள் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடித்தது கறுப்புத் தேநீர். கையில் ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு கடி, ஒரு மிடறு. எனக்கு இரண்டும் பிடித்தன. நான் சாப்பாட்டில் கட்சி பார்க்கிறவன் இல்லை.

"நாடகச் சாமான் எல்லாம் நம்ம அலுமாரியிலதான் இருக்கும். எங்க அப்பா காலத்துப் பழக்கம்" என்றார். "பூச்சி அரிக்காது, ஈரம் ஏறாது. அங்கிய இங்க வச்சிருங்க."

தேக்கு அலுமாரி, பித்தளைப் பூட்டு. பெரிய மனிதர், மரியாதையாகக் கேட்கிறார். என் அங்கிக்கு இப்படி ஒரு வீடு கிடைக்குமா? வைத்துவிட்டேன். சாவி அவர் சட்டைப்பைக்குப் போனது.

சாயங்காலம் ஃபாதரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, அவர் தரமாட்டார். இவ்வளவு காலமும் கயபா வேசம் அவற்ற குடும்பத்துக்குத்தான். அவற்ற அப்பா, பிறகு அவர். தோட்டத்தில வேலை செய்யிற சனம் எப்பவும் கூட்டத்தில நிண்டு கத்திறதுதான். அதை மாத்தத்தான் நான் சீட்டுக் குலுக்கினனான்." பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா வரலாற்றுப்படி பாத்தா இது நல்ல பொருத்தம்தான்."

"என்ன பொருத்தம்?"

"சொல்லுறன், கேளுங்கோ. அந்தக் காலத்தில எருசலேம் கோயிலின்ர தலைமைக் குருவை வைக்கிறதும் ரோமக் கவர்னர், எடுக்கிறதும் ரோமக் கவர்னர். பதவி சில பணக்காரக் குடும்பங்களுக்குள்ளதான் சுத்தும். கிராமத்துக் குருமார் பாவம், ஊரில பாடுபட்டுச் சீவிச்சு, முறை வாற கிழமை மட்டும் கோயிலுக்குப் போவினம். ஆருக்கு என்ன வேலை எண்டு அங்க சீட்டுப் போட்டுத்தான் பாக்கிறது. எல்லாத்துக்கும் மேல, தலைமைக் குருவின்ர திருநாள் அங்கி இருக்குதே, அதை ரோமர் கோயிலுக்குப் பக்கத்துக் கோட்டைக்குள்ள பூட்டி வச்சிருந்தவை. திருநாள் வந்தா எடுத்துக் குடுப்பினம். முடிஞ்ச கையோட திருப்பி வாங்கிப் பூட்டுவினம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சாமி! அப்போ ரோமக் கவர்னர் நடத்தினது வாடகைக் கடை! அது என் தொழில்!"

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. உலகத்தையே ஆண்ட ராஜ்யம், அது செய்த வேலை நான் திண்டுக்கல்லில் செய்கிற வேலை. உடுப்பு எவன் பெட்டியில் இருக்கிறதோ அவன்தான் ராஜா. போட்டுக்கொண்டு ஆடுகிறவன் ராத்திரிக்கு மட்டும் ராஜா. இந்த ரகசியம் தெரிந்துதானே நான் பெட்ரோமாக்ஸை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டி வாங்கினேன்! ரோமனுக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

அப்புறம் நான் விடவில்லை, கேள்வி மேல் கேள்வி. வரி வசூலிக்கிற ஆயக்காரன் யார்? ஒரு துறையிலோ சுங்கச்சாவடியிலோ வசூலிக்கிற உரிமையை முன்பணம் கட்டி எடுத்துக்கொண்டு, போட்டதுக்கு மேலே ஊராரிடம் பிடுங்குகிறவன். புரிந்தது, எங்கள் சந்தைக் குத்தகை. ஏரோது? ரோமன் தயவில் முடி வைத்திருந்த ராஜா. புரிந்தது. கடைசியில் எல்லாருக்கும் கீழே? கடனில் காணியை விட்டுக் கூலிக்குப் போனவன். அதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கோயில் வாசலைக் கழுவிக்கொண்டிருந்த செபமாலை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை ஊன்றி நின்று சொன்னாள்:

"அப்ப இந்தப் பெரிய குரு அந்தக் காலத்துப் பெரிய கங்காணி மாதிரிதான் ஃபாதர். தொரைகிட்ட பல்லக் காட்டும், நம்மகிட்ட பிரம்பக் காட்டும்."

"ஓம்! அதேதான், அதேதான்!" என்று ஃபாதர் கை தட்டினார். இதைப் புரியவைக்கப் பிரசங்கத்தில் ஒரு மணிநேரம் பாடுபட்டிருப்பார் போல.

அங்கி விஷயத்தை நான் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எத்தனை ராஜபார்ட்டுக்காரர்களின் கோபத்தை இறக்கியிருக்கிறேன், ஒரு கிளாக்கர் எம்மாத்திரம்?

மறுபடியும் பங்களா, மறுபடியும் பால் தேநீர். வின்சென்ட் ஐயா அங்கியைப் போட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், பொருத்தமாகத்தான் இருந்தது. வசனம் முழுவதும் மனப்பாடம், குரலும் கணீரென்று.

"எங்க அப்பா போட்ட வேசம் இது" என்றார். "சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குடுக்கற வேசமா, நீங்களே சொல்லுங்க?"

"ஐயா, உடுப்புக்காரன் ஒன்னு சொன்னால் கோபிக்கக் கூடாது. உங்கள் உடம்பு குரு உடம்பு இல்லை."

"பின்ன?"

"கவர்னர் உடம்பு. பிலாத்து!" என்று ஆரம்பித்தேன். தலைமைக் குருவை நியமிக்கிறவரே பிலாத்துதான் என்றேன். அந்த அங்கியே பிலாத்துவின் கோட்டை அலுமாரியில்தான் இருக்கும் என்றேன். திருநாளன்று பிலாத்து பார்த்து எடுத்துக் கொடுத்தால்தான் குருவுக்கு உடுப்பு. மேடையில் பிலாத்துவுக்கு மட்டும் கதிரை, குரு நின்றுகொண்டுதான் பேசவேண்டும். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, எல்லாம் ஃபாதர் சொன்னது. நான் வரிசையை மட்டும் மாற்றி அடுக்கினேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். மணிகள் கிணுகிணுத்தன.

"அப்ப சாவி?"

"கவர்னர் கிட்டத்தான்."

அங்கியைக் கழற்றி மடித்து அவரே உள்ளே வைத்துப் பூட்டினார். "அன்னைக்கி நானே எடுத்துக் குடுக்கறேன். எல்லார் முன்னாலயும்" என்றார். நான் திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பாட்டு அடுத்த நாள் ஒத்திகை வரைக்கும்தான்.

தோட்டத்து ஆபீஸ் பழைய கட்டடம். முன்னால் தாழ்வாரம், அதிலிருந்து புல்தரைக்கு இறங்கக் கருங்கல் படிகள், பக்கத்தில் ஒரு ஜன்னல். தொழிலாளி யாருக்கு எது வேண்டுமானாலும் புல்லில் நின்று அந்த ஜன்னலில்தான் கேட்கவேண்டும். உள்ளே போகிற வழக்கம் இல்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதியும் இல்லை. இந்தத் தாழ்வாரத்தைத்தான் பிலாத்துவின் மாளிகையாக ஃபாதர் வைத்திருந்தார்.

காட்சி இதுதான். இயேசுவைக் கட்டி இழுத்துக்கொண்டு கயபாவும் ஆட்களும் வருகிறார்கள். ஆனால் மாளிகைக்குள் நுழையமாட்டார்கள். பாஸ்காத் திருநாள் வருகிறது, அந்நியன் வீட்டில் கால் வைத்தால் தீட்டு. அதனால் வெளியிலேயே நிற்கிறார்கள். உள்ளே இருக்கிற கவர்னர்தான் எழுந்து, வெளியே வந்து, படி இறங்கி இவர்களிடம் கேட்கவேண்டும்.

"நான் ஏன் எறங்கணும்?" என்றார் பிலாத்து.

"அவை உள்ள வரமாட்டினம், அதனாலதான்" என்றார் ஃபாதர்.

"ஜன்னல்ல கேக்கச் சொல்லுங்க."

இது ஒரு பக்கம். மறுபக்கம் அதைவிட மோசம். பிலாத்து தாழ்வாரத்தில் தலையைக் காட்டியதுமே கயபா ஒத்திகைக்குச் சுற்றியிருந்த துண்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடுப்பு வளைந்து, "ஐயா" என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "கயபா ஐயா சொல்லமாட்டார்!" என்று ஃபாதர் கத்தினார். மறுபடி. மறுபடியும் தலைப்பாகை கைக்கு வந்தது, மறுபடியும் "ஐயா". ரோமச் சிப்பாயாக நிறுத்தியிருந்த நம் ரவி ஈட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். (அவர் மாரியம்மன் கோயில் ஆள். ஆள் குறைகிறது என்று நான்தான் சேர்த்துவிட்டேன்.)

"வாயில தானா வந்துருது ஃபாதர்" என்றார் ஆரோக்கியம்.

"பாத்தீங்களா!" என்றாள் செபமாலை. "அந்தக் குரு தீட்டுன்னு வெளிய நின்னாரு. இவரு விடமாட்டாங்கன்னு வெளிய நிக்கிறாரு. நிக்கிற எடம் ஒன்னுதான். நிக்கிற விதம் வருமா?"

எல்லாரும் கலைந்த பிறகு ஆரோக்கியம் என் பக்கத்தில் படியில் உட்காரவில்லை, புல்லில் உட்கார்ந்தார்.

"ஐயா, இந்த ஜன்னல்ல எங்கப்பா நின்னாரு. நான் நிக்கிறேன். மக பத்தாவது படிக்கிறா. அவளும் ஒரு நா இங்க வந்து குனியக் கூடாதுன்னு நெனக்கிறேன். நான் குனியாம நிக்கிறத அவ ஒரு தடவ பாக்கணும். அதுக்குத்தான் சீட்டு விழுந்ததும் மாட்டேங்கல. ஆனா முடியல ஐயா. அவர் மூஞ்சியப் பாத்தா முதுகு வளஞ்சிருது."

நான் அவர் முதுகைச் சாணால் அளந்து பார்த்தேன்.

பிறகு சொன்னேன்: "முதுகுதானே? அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது."

குனிகிற ராஜாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பண்ணையார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் மேடையில் இருக்கும் மகாராஜா தானாகக் கும்பிடு போடுவார். அப்படிப்பட்டவர்களுக்கு மார்புக் கவசத்துக்குள் கெட்டி அட்டை வைத்துத் தைத்துவிடுவேன். குனிந்தால் அட்டை முனை தொண்டையில் இடிக்கும். வேறு வழியில்லாமல் நிமிர்ந்தே ஆடுவார்கள். பன்னிரண்டு கல் வைத்த மார்புப் பட்டைக்குள் அதையே செய்வதாகத் திட்டம். வின்சென்ட் ஐயாவிடம், "கல் ஒன்று ஆடுகிறது, தைக்கவேண்டும்" என்று சொல்லி அரைமணி நேரம் அலுமாரியைத் திறக்கவைத்தேன். கல் ஆடியது உண்மை. ஆட்டிவிட்டது யார் என்று அவர் கேட்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்கெல்லாம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்து புல்தரை நிறைந்துவிட்டது. பன்வில கடைத்தெருச் சிங்களவர்களும் வந்திருந்தார்கள். என் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டதை ரவி மொழிபெயர்த்தார். ஒருவர்: "இதில் வில்லன் யார்?" மற்றவர்: "நீலச் சட்டை. ஆனால் உடுப்பு பிரமாதம்." நான் திரும்பி அவர்களுக்கு வணக்கம் வைத்தேன்.

வின்சென்ட் ஐயா சிவப்புப் போர்வையில் ஜொலித்தார். எல்லார் முன்னாலும் அங்கியைக் கொண்டுவந்து ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார். ஆரோக்கியம் குனிந்து வாங்கினார். அப்போது இன்னும் போட்டுக்கொள்ளவில்லையே. பிறகு நான் மாட்டிவிட்டேன். அட்டை கச்சிதம். முன்வரிசையில் வெள்ளைக் கவுன் போட்ட அவர் மகள் உட்கார்ந்திருந்தாள்.

கயபா கூட்டத்தோடு புறப்பட்டு லயத்துப் பாதையைச் சுற்றி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, மலை மழை. யாரும் எழுந்து போகவில்லை. குடை விரிந்தது, சாக்கு விரிந்தது, வாழை இலைகூட விரிந்தது. இயேசுவாக நடித்த பையன் தவக்காலம் முழுவதும் மரக்கறி மட்டும் சாப்பிட்டு ஒல்லியாகிப் போனவன். கயிற்றுக் கட்டோடு நடுங்கினான். தாழ்வாரத்துக் கூரைக்குக் கீழே பிலாத்து மட்டும் நனையாமல் கதிரையில் இருந்தார்.

கயபா வந்து படிக்குக் கீழே நின்றார். பிலாத்து எழுந்தார், தாழ்வார விளிம்பு வரை வந்தார், நின்றார். அதற்கு மேல் வரவில்லை. மழையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், ஆரோக்கியத்தைப் பார்த்தார். நீ வா என்பது போலக் கையை அசைத்தார்.

அப்போதுதான் நான் மார்புப் பட்டையைப் பார்த்தேன். அட்டை மழையில் ஊறி, கஞ்சியாகி, தையலுக்கு வெளியே பிதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லெல்லாம் தொப்புளுக்கு வந்துவிட்டது. இனி எது தடுக்கும்? இதோ தலைப்பாகைக்குக் கை போகப் போகிறது, இதோ "ஐயா" வரப் போகிறது என்று நான் பற்களைக் கடித்துக்கொண்டேன்.

கை போகவில்லை.

ஆரோக்கியம் நின்றார். தொண்டையில் இடிக்க ஒன்றுமே இல்லாமல் நின்றார். தோள் விரிந்து, அந்த உயரம் முழுவதும் வெளியே வந்து, மழை முகத்தில் ஓட நின்றார். பிலாத்து மறுபடி கையசைத்தார். கயபா அசையவில்லை. குடைகள் மேல் மழைச் சத்தம்தான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து செபமாலையின் குரல் வந்தது:

"ஐயா, எறங்கி வாங்க! சாமிக்குக் குளுருதில்ல?"

அதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? இயேசு நிஜமாகவே பல்லைக் கிட்டிக்கொண்டு நின்றார். பிலாத்து போர்வையைத் தூக்கிப் பிடித்தார். ஒரு படி இறங்கினார். ரோமச் சிப்பாய் ரவி எங்கிருந்தோ ஒரு பூப்போட்ட குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஈட்டியை அக்குளில் செருகிக் கவர்னருக்குக் குடை பிடித்தார். அடுத்த படி. அடுத்தது. கடைசியில் பெரிய கிளாக்கரின் தோல் செருப்பு சேறும் புல்லுமான தரையில் பொதக்கென்று இறங்கியது.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் பிலாத்து. வசனத்தில் உள்ள கேள்விதான். ஆனால் இவ்வளவு பக்கத்தில் நின்று அவர் யாரையும் கேட்டிருக்கமாட்டார்.

அவ்வளவுதான், எங்கிருந்தோ ஒரு விசில். தொடர்ந்து கைதட்டல், இன்னும் விசில். கொழுந்துக் கூடைக்காரப் பெண்கள் குடையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இவர் இயேசுவைச் சாகக் குடுக்க வந்த ஆள்! இவருக்கு விசில் அடிக்கிறீங்களே! இண்டைக்குப் பெரிய வெள்ளி!"

யார் கேட்டார்கள்? தலைமைக் குரு கயபாவுக்கு உலகத்திலேயே கைதட்டல் விழுந்த ஒரே இடம் பன்வில பக்கத்துத் தோட்டமாகத்தான் இருக்கும். நானும் அடித்தேன், நாலு விரலை வாயில் வைத்து, கொட்டகைக் காலத்து விசில். முன்வரிசையில் அந்தப் பெண் கை தட்டவில்லை. எழுந்து நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் வசனத்தைச் சொன்னார். ஒத்திகையில் ஒருநாளும் வராத குரல் அது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

நாடகம் முடிந்ததும் வின்சென்ட் ஐயா என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "செருப்பு போச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு, "எங்க அப்பா கயபா போட்டப்ப பிலாத்து எறங்கவே இல்ல. எல்லாரும் அப்ப உள்ள வந்துதான் பேசுனாங்க. தீட்டு விசயமெல்லாம் யாரும் படிக்கல போல" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

உயிர்த்த ஞாயிறு ரொட்டியும் கோழிக்கறியும் தேங்காய்ச் சம்பலுமாகப் போனது. நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று ரவியைக் கேட்டால் சொல்லுவார், அவரிடம் கேட்கவேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் புறப்பட்டேன். வெறும் தகரப் பெட்டிகள் பின்னால் கடகடக்க, த்ரீவீல் ஆபீஸைத் தாண்டும்போது ரவி வேகத்தைக் குறைத்தார். புல்லில் ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தார். பழைய சட்டை, கம்பளித் தொப்பி, பாக்டரி நேரத்துக்கு முன்னால் ஏதோ கேட்க வந்திருக்கிறார். ஜன்னல் திறந்தது. வின்சென்ட் ஐயாவின் முகம் தெரிந்தது, மறைந்தது. பிறகு கதவு திறந்து அவர் தாழ்வாரத்துக்கு வந்தார்.

படி இறங்கவில்லை. மேலேயே நின்று பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆரோக்கியம் அண்ணாந்து பதில் சொன்னார், தொப்பியைக் கழற்றாமல்.